அடம்பிடிக்கும் அப்டேட்: சர்வர் சித்தப்பா பதில்கள்

கே: லினக்ஸ் சர்வரில் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. முதல் வேலையாக என்ன செய்யலாம், சித்தப்பா?
(புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், கோவை)

ப: கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். திரையை மேலே தள்ளி, முதல் எரர் எது என்று பாருங்கள். கடைசி வரி அழுகை. முதல் வரிதான் அடி விழுந்த இடம்.

கே: 'சப்-ப்ராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்டு அன் எரர் கோட் 1' என்று வருகிறது. இது என்ன வியாதி?
(ஈரோடு வாசகர்)

ப: ஆப்ட் என்பது மேஸ்திரி. டிபிகேஜி என்பது கொத்தனார். "கொத்தனார் கோபித்துக்கொண்டு போய்விட்டார்" என்று மேஸ்திரி வந்து சொல்கிறார், அவ்வளவுதான். கோபத்துக்குக் காரணம் நாலு வரி மேலே இருக்கும், சில நேரம் நாற்பது வரி மேலே.

ஒரு பதிப்பகத்தின் சர்வருக்காக இரவு 11 மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். திரையின் அடியில் இதே வரி. அங்கிருந்த பையன் மூன்று மணி நேரமாக அந்த ஒரு வரியையே வலையில் போட்டுத் தேடிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. திரையை மேலே தள்ளினேன். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று தெளிவாக எழுதியிருந்தது. "டிஸ்க் பாதி காலி சார்" என்றான். 'டிஎஃப் -ஹெச்' அடிக்கச் சொன்னேன். உண்மைதான், பெரிய பகுதி பாதி காலி. ஆனால் /பூட் மட்டும் 100 சதவீதம். உள்ளே 11 பழைய கெர்னல், திருவிழாவுக்கு வந்துவிட்டு ஊர் திரும்பாத உறவினர் மாதிரி உட்கார்ந்திருந்தன. புதுக் கெர்னலுக்குத் திண்ணையில்கூட இடமில்லை.

கே: எங்கள் சர்வரிலும் அதே /பூட் கதைதான். அந்த உறவினர்களை எப்படி வழியனுப்புவது?
(அதே ஊர், வேறு வாசகர்)

ப: 'யுநேம் -ஆர்' அடித்து, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது வீட்டுத் தலைவர், தொடக் கூடாது. பிறகு 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. அதுவும் இடமில்லை என்று முரண்டுபிடித்தால், ஆகப் பழைய கெர்னல் பேக்கேஜ் ஒன்றை மட்டும் டிபிகேஜி கொண்டு நீக்குங்கள். ஒருவர் எழுந்தால் பந்தி நகரும்.

/பூட்டுக்குள் போய் 'ஆர்எம்' போட்டுக் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். டிபிகேஜியின் பேரேட்டில் அவை இன்னும் இருப்பதாகவே கணக்கு இருக்கும். கணக்குப்பிள்ளையிடம் சொல்லாமல் கல்லாவில் கை வைத்தால் மாதக் கடைசியில் தெரியும்.

கே: 'குட் நாட் கெட் லாக்' என்கிறது. லாக் ஃபைலை அழித்துவிடு என்று நண்பன் சொல்கிறான். அழிக்கலாமா?
(பூட்டு ஊர்க்காரன், திண்டுக்கல்)

ப: பூட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! அழிக்கக் கூடாது. காரணமும் சொல்கிறேன். அந்தக் கோப்பு பூட்டே இல்லை, அது கதவு. பூட்டு என்பது அந்தக் கோப்பின் மேல் ஒரு ப்ராசஸ் வாங்கி வைத்திருக்கும் பிடி. கோப்பை அழித்தாலும் பழைய ப்ராசஸ் தன் பிடியை விடாது. நீங்கள் ஓட்டும் இரண்டாவது ஆப்ட், புதிதாகக் கதவு ஒன்றைச் செய்து அதைப் பூட்டிக்கொண்டு உள்ளே நுழையும். இப்போது ஒரே பேரேட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள்.

செய்தியிலேயே ப்ராசஸ் எண் கொடுத்திருப்பார்கள். அது யார் என்று 'பிஎஸ்' அடித்துப் பாருங்கள். உபுண்டு என்றால் பெரும்பாலும் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்ற தானியங்கிப் பணியாளாகவே இருக்கும். வேலை முடிந்ததும் தானே சாவியைக் கொடுப்பார். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கே: அந்தத் தானியங்கி சரியாக மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறதே, என் மேல் என்ன பகை?
(மறுபடி திண்டுக்கல்)

ப: பகை உங்கள் கடிகாரத்தோடு. அந்த டைமர் காலை 6 மணிக்குத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் கிளம்பும்படி வைக்கப்பட்டிருக்கிறது. உலகத்தின் எல்லாச் சர்வரும் ஒரே நொடியில் மிரர் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த முன்பின். உங்கள் சர்வர் உலகப் பொது நேரத்தில் இருந்தால், அதன் விடியல் 6 மணி நமக்குப் பகல் 11.30.

கே: ஆப்ட் அப்டேட் போட்டேன், வெற்றி என்றது. ஆனால் எதுவும் புதுப்பிக்கப்படவில்லையே?
(காரைக்குடி வாசகி)

ப: 'அப்டேட்' மளிகைக் கடை விலைப்பட்டியலை வாங்கி வருவது. 'அப்கிரேட்' சாமான் வாங்குவது. பட்டியலைப் படித்தால் வயிறு நிறையாது, அம்மா.

கே: 'கெப்ட் பேக்' என்று சில பேக்கேஜ்களை மட்டும் ஒதுக்கி வைக்கிறது. ஏன் இந்தத் தீண்டாமை?
(விருதுநகர்)

ப: மூன்று காரணம் இருக்கலாம். யாரோ 'ஹோல்ட்' போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அல்லது ஏற்க வேண்டுமானால் வேறு எதையாவது நீக்க வேண்டியிருக்கும், அதைச் சாதா அப்கிரேட் செய்யாது. அல்லது உபுண்டு அந்த அப்டேட்டைக் கட்டம் கட்டமாக வெளியிடுகிறது, உங்கள் முறை இன்னும் வரவில்லை. ரேஷன் கடையில் டோக்கன் எண் கூப்பிடும்வரை நிற்கிற மாதிரி. முதல் காரணத்தை 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' அடித்து உறுதி செய்யுங்கள். மூன்றாவது என்றால் காத்திருங்கள், பலவந்தம் வேண்டாம்.

கே: 'ரிலீஸ் ஃபைல் ஈஸ் நாட் வேலிட் எட்' என்கிறது. அப்படியென்றால்?
(நாகர்கோவில்)

ப: உங்கள் சர்வர் நேற்றில் வாழ்கிறது. நாளை கையெழுத்தான பத்திரத்தை இன்று காட்டினால் பதிவாளர் ஒப்புக்கொள்வாரா? அதே நியாயம். 'டைம்டேட்சிடிஎல்' அடித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய மெய்நிகர் சர்வர்களில் இது சகஜம். ராஸ்பெரி பையைச் சர்வராக வைத்திருப்பவர்களுக்கும் சகஜம், ஐந்தாம் மாடலுக்கு முந்தியவற்றில் நேரத்தை நினைவில் வைக்கும் கடிகாரச் சில்லே கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போச்சு.

நேரத்தை வலை வழியாக ஒத்திசைக்கும் என்டிபி முறையை 1980களில் வடித்தவர் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 2024 ஜனவரியில் மறைந்தார். நம் போன் சரியான மணி காட்டுகிற ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு கும்பிடு பாக்கி இருக்கிறது.

கே: 'நோ பப்கீ' என்று நீளமாக எண் காட்டுகிறது. கையெழுத்துச் சோதனையையே அணைத்துவிட்டால் என்ன?
(அவசரக்காரர், சேலம்)

ப: வாசலில் நிற்பவர் யாரென்று தெரியவில்லை, அதனால் கதவையே கழற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். களஞ்சியத்தை நடத்துபவர் தம் அதிகாரப்பூர்வ இடத்தில் புதுச் சாவியை வைத்திருப்பார். அதை எடுத்து '/ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்' அடைவில் வையுங்கள். களஞ்சிய வரியில் 'சைன்டு-பை' என்று அந்தச் சாவியைக் குறிப்பிடுங்கள். பழைய 'ஆப்ட்-கீ' முறையை மறந்துவிடுங்கள். அதில் சேர்த்த சாவி எந்தக் களஞ்சியத்தின் கதவையும் திறக்கும். பால்காரரிடம் பீரோ சாவியைக் கொடுத்த கதை.

கே: டெபியன், உபுண்டு களஞ்சியங்கள் இன்னும் சாதா ஹெச்டிடிபியில் கொடுக்கின்றனவே, ஆபத்தில்லையா?
(சந்தேகப் பிராணி, தஞ்சாவூர்)

ப: நல்ல சந்தேகம். பேக்கேஜின் கைரேகை பட்டியலில் இருக்கிறது. பட்டியலின் கைரேகை 'ரிலீஸ்' கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு கையொப்பமிடப்பட்டது. ஆகவே வழியில் யார் மாற்றினாலும் மாட்டிக்கொள்வார்கள். திறந்த தபால் கார்டு என்றாலும் கையெழுத்தைப் போலி செய்ய முடியாது. என்ன வாங்குகிறீர்கள் என்பதைத் தபால்காரர் படிக்கலாம், அது மட்டும்தான் குறை.

கே: 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்'?
(மூன்றே சொல்லில் கேட்கும் வாசகர், புதுச்சேரி)

ப: பட்டியல் காலையில் வந்தது, சரக்கு மாலையில் மாறிவிட்டது. அல்லது உங்கள் அலுவலக ப்ராக்ஸி பழைய சோற்றையே சுடவைத்துப் பரிமாறுகிறது. 'ஆப்ட் க்ளீன்' போடுங்கள், '/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்' அடைவைக் காலி செய்யுங்கள், மறுபடி அப்டேட். அப்போதும் வந்தால் மிரரை மாற்றுங்கள். இரண்டே சொல்லில்: ப்ராக்ஸியைச் சந்தேகி.

கே: சென்டோஸ் 7 சர்வர். யம் போட்டால் 'மிரர்லிஸ்ட்' முகவரியே கிடைக்கவில்லை என்கிறது. டிஎன்எஸ் கோளாறா?
(பழைய சர்வரின் காவலர், மதுரை)

ப: டிஎன்எஸ் மேல் பழி போடாதீர்கள். 2014 ஜூலையில் பிறந்த சென்டோஸ் 7, 2024 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றுவிட்டது. வீட்டைக் காலி செய்து பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டார்கள். பழைய பேக்கேஜ்கள் எல்லாம் 'வால்ட்' என்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. களஞ்சியக் கோப்புகளில் முகவரியை அங்கே திருப்பினால் யம் மறுபடி பேசும்.

ஆனால் மகிழ்ந்துவிடாதீர்கள். காப்பகத்தில் பழைய தினசரிதான் கிடைக்கும், இன்றைய செய்தி கிடைக்காது. ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட இனி வராது. அதை மூச்சு விடும் அவகாசமாக மட்டும் வைத்துக்கொண்டு, அல்மா லினக்ஸுக்கோ ராக்கி லினக்ஸுக்கோ குடிபெயருங்கள். சென்டோஸ் 8 வைத்திருந்தவர்கள் பட்ட பாடு இன்னும் மோசம். 2029 வரை ஆதரவு என்று நம்பியிருந்தவர்களுக்கு, 2021 டிசம்பர் 31உடன் முடிகிறது என்று 2020 டிசம்பரில் சொன்னார்கள். பத்திரம் போட்டுக் கொடுத்த வீட்டை நடுவில் கேட்ட மாதிரி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கே: ராக்கி லினக்ஸ் என்பது குத்துச்சண்டைப் படத்தின் பெயரா?
(சினிமாக்காரர், வடபழனி)

ப: இல்லை. சென்டோஸின் தொடக்கக் காலத் தூண்களில் ஒருவரான ராக்கி மெகாவின் பெயர். அதன் வளர்ச்சியைப் பார்க்காமலே மறைந்தவர். நண்பர் கிரெகரி கர்ட்சர் புதுத் திட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார். நட்பு என்றால் அது.

கே: யம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சாப்பாட்டு ராமன் வைத்ததா?
(திருநெல்வேலி)

ப: 'எல்லோடாக் அப்டேட்டர், மாடிஃபைடு' என்பதன் சுருக்கம். எல்லோடாக் லினக்ஸுக்கு எழுதிய அப்டேட்டரை டியூக் பல்கலைக்கழகத்தில் திருத்தி வளர்த்தவர்களில் முதன்மையானவர் சேத் விடால். 2013இல் சைக்கிளில் போகும்போது வண்டி மோதி இறந்தார். ஃபெடோரா 22இல், 2015இல், யம் இருந்த நாற்காலியில் டிஎன்எஃப் உட்கார்ந்தது. பழக்கத்தில் யம் என்று அடித்தாலும் டிஎன்எஃப் வந்து நிற்கும்.

கே: பைத்தான் 3 வேண்டும் என்று சென்டோஸ் 7இல் இயல்பான பைத்தானை மாற்றினேன். அன்றிலிருந்து யம் 'சின்டாக்ஸ் எரர்' என்று கத்துகிறது!
(பயிற்சி மாணவர், திருச்சி)

ப: யம் பைத்தான் 2இல் எழுதப்பட்டது, தம்பி. நீங்கள் அதன் காலடியில் இருந்த பலகையை உருவிவிட்டீர்கள். இணைப்பைப் பழையபடி பைத்தான் 2க்கே திருப்புங்கள், கத்தல் நிற்கும். உபுண்டுவில் பைத்தான் 3ஐ மாற்றினாலும் இதே கதைதான், அங்கே 'ஆப்ட்_பிகேஜி இல்லை' என்று அழும். சிஸ்டத்தின் பைத்தான் சிஸ்டத்துக்கு. உங்களுக்கு வேண்டியதை விர்ச்சுவல் என்விரான்மென்டில் தனியாகச் சமைத்துக்கொள்ளுங்கள். மாமியார் அடுக்களையில் பாத்திரத்தை மாற்றி வைக்கக் கூடாது.

கே: டிஸ்கில் 40 சதவீதம் காலி. ஆனாலும் இடமில்லை என்கிறது. பொய் சொல்லுமா லினக்ஸ்?
(கணக்காளர், கும்பகோணம்)

ப: சொல்லாது. 'டிஎஃப் -ஐ' அடியுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற ஒரு பதிவெண் வேண்டும். ஈஎக்ஸ்டி4இல் எத்தனை எண் என்பது டிஸ்கை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும், இயல்பாக 16 கேபிக்கு ஒன்று. லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி செஷன் கோப்புகள் சேர்ந்தால், எண் தீர்ந்து இடம் மிஞ்சும். கல்யாண மண்டபத்தில் சோறு இருக்கிறது, இலை தீர்ந்துவிட்டது.

கே: எனக்கு அதுவும் சரியாக இருக்கிறது. பெரிய லாகை அழித்தேன், ஆனால் இடம் திரும்பவில்லை.
(அதே தெரு, எதிர் வீடு)

ப: அழித்த கோப்பை ஏதோ ஒரு சர்வீஸ் இன்னும் கையில் பிடித்திருக்கிறது. பெயர் போனது, உடல் போகவில்லை. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' காட்டிக் கொடுக்கும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கே: எஸ்எஸ்ஹெச்சில் அப்கிரேட் போய்க்கொண்டிருந்தது. கரன்ட் போய் என் இணைப்பு அறுந்தது. இப்போது சர்வர் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது.
(அறந்தாங்கி)

ப: 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்'. பாதியில் விட்ட பேக்கேஜ்களை விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கட்டி முடிக்கும். பெரும்பாலும் எழுந்துவிடும்.

இனிமேல் 'டீமக்ஸ்' அல்லது 'ஸ்க்ரீன்' உள்ளே இருந்துகொண்டு செய்யுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை சர்வரில் ஓடும், திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளலாம். உபுண்டுவின் 'டு-ரிலீஸ்-அப்கிரேட்' இந்த அக்கறையைத் தானே காட்டுகிறது. எஸ்எஸ்ஹெச்சில் ஓட்டினால், 1022ஆம் போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்ஹெச் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். கொல்லைப்புற வழி. ஃபயர்வால் அதை அடைத்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கே: அப்கிரேட் நடுவில் "உங்கள் கான்ஃபிக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதை வைக்கவா?" என்று கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒய் அடிக்கலாமா?
(ராமநாதபுரம்)

ப: கண்ணைத் திறந்துகொண்டு டி அடியுங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வரி வரியாகக் காட்டும். வெறும் என்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பே இருக்கும். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் என்றால் இருமடங்கு கவனம். புதியதை ஏற்று ரீஸ்டார்ட் செய்தபின் உள்ளே நுழைய முடியாமல், சர்வர் இருக்கும் ஊருக்கு இரவு பஸ் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். ரீஸ்டார்ட்டுக்கு முன் 'எஸ்எஸ்ஹெச்டி -டி' அடித்தால் எழுத்துப்பிழையையாவது சொல்லிவிடும்.

கே: "எஸ், டு ஆஸ் ஐ சே!" என்று முழு வாக்கியத்தை டைப் செய்யச் சொல்கிறதே, ஆப்டுக்கு ஏன் இந்த நாடகம்?
(காஞ்சிபுரம்)

ப: அது நாடகமில்லை, சிஸ்டத்தின் உயிர்நாடியான பேக்கேஜ் ஒன்றை நீக்கப்போகிறாய் என்ற எச்சரிக்கை. 2021இல் புகழ்பெற்ற கம்ப்யூட்டர் யூடியூபர் ஒருவர், பாப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போய், அந்த வாக்கியத்தை அப்படியே டைப் செய்தார். டெஸ்க்டாப்பே போய்விட்டது. பேக்கேஜில் பிழை இருந்தது உண்மை. எச்சரிக்கை வந்ததும் உண்மை. இப்படிக் கேட்டால் நிறுத்திவிட்டு, எதை நீக்கப்போகிறது என்ற பட்டியலைப் படியுங்கள்.

கே: '/டெம்ப் உள்ளே கோப்பு உருவாக்க முடியவில்லை' என்று ஆப்ட் அழுகிறது.
(செங்கல்பட்டு)

ப: யாரோ /டெம்ப் அனுமதியை மாற்றியிருக்கிறார்கள். அது 1777 என்று இருக்க வேண்டும். ஆப்ட் தரவிறக்க வேலையை ரூட்டாகச் செய்யாமல் '_ஆப்ட்' என்ற அதிகாரமில்லாத பயனராகச் செய்கிறது, அதனால்தான் அனுமதி இடிக்கிறது. முன் உள்ள அந்த 1ஐ விட்டுவிடாதீர்கள். அடுத்தவர் கோப்பை அழிக்காதே என்று காவல் காப்பது அதுதான்.

கே: 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றால் மறுபடி ரைட் அனுமதியோடு மவுன்ட் செய்துவிடலாம்தானே?
(உடுமலைப்பேட்டை)

ப: நில்லுங்கள். எழுதும்போது தவறு கண்டதால் கெர்னல் தானே பேனாவைக் கீழே வைத்திருக்கிறது. டிஸ்க் சாகும் முன் சொல்லும் வார்த்தையாகவும் அது இருக்கலாம். 'டிமெஸ்ஜி' பாருங்கள். ஐ/ஓ எரர் தெரிந்தால் அப்டேட்டை மறந்துவிட்டு, முதலில் டேட்டாவை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சிரிக்காமல் சொல்லும் பதில் இது.

கே: டெபியன் பதிப்புகளுக்கு ஏன் பஸ், வுடி, ஜெஸ்ஸி என்று பொம்மைப் பெயர்கள்?
(பள்ளி ஆசிரியை, ஊட்டி)

ப: எல்லாம் 'டாய் ஸ்டோரி' பாத்திரங்கள். தொடக்க காலத்தில் டெபியனை வழிநடத்திய ப்ரூஸ் பெரென்ஸ் வேலை பார்த்தது பிக்ஸாரில். என்றைக்கும் நிலைப்படாத பதிப்புக்கு சிட் என்று பெயர், படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன். சர்வரில் சிட் போடுபவர்கள் பெயரைக் கவனிக்கவும். டெபியன் என்ற பெயரோ காதல் சின்னம். 1993இல் தொடங்கிய இயன் மர்டாக், காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தது.

கே: எங்கள் அலுவலகத்தில் பாஸ் லினக்ஸ். உங்கள் மருந்து அதற்கும் கேட்குமா?
(அரசு ஊழியர், சென்னை)

ப: கேட்கும். சென்னை சி-டாக்கில் உருவான பாஸ், டெபியன் வழி வந்த பிள்ளை. ஆப்டும் டிபிகேஜியும் அதே குணம்தான்.

கே: 'ஆப்ட்-கெட் மூ' என்று அடித்தால் என்ன ஆகும்?
(குறும்பர், பொள்ளாச்சி)

ப: மாடு வரும். சந்தைக்கு ஓட்டிப் போக முடியாது.

கே: 2021 அக்டோபர் தொடங்கும் நேரத்தில் எங்கள் பழைய சர்வர்களில் பல களஞ்சியங்கள் ஒரே இரவில் 'சான்றிதழ் காலாவதி' என்றன. காரணம் இன்றுவரை தெரியவில்லை.
(ஓசூர்)

ப: இன்று தெரிந்துகொள்ளுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களுக்கு முன்பு பிணை நின்ற ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0 வரிசை வைத்திருந்த சர்வர்கள் செத்த தாத்தாவின் பிணையையே தேடிக்கொண்டிருந்தன. 'சிஏ-சர்டிஃபிகேட்ஸ்' பேக்கேஜைப் புதுப்பித்துப் பழைய சான்றிதழை விலக்கியவர்கள் தப்பினார்கள்.

கே: என் சர்வர் 1000 நாளாக ரீபூட் ஆகவில்லை! பாராட்டுங்கள் சித்தப்பா.
(பெருமைக்காரர், கரூர்)

ப: ஹார்டுவேரைப் பாராட்டுகிறேன். லைவ்பேட்ச் இல்லையென்றால் நீங்கள் 1000 நாள் பழைய கெர்னலில் ஓடுகிறீர்கள். அப்டேட் டிஸ்குக்கு வந்துவிட்டது, மெமரிக்கு வரவில்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளிவந்தபோதும் இதுதான் பாடு. ஓப்பன்எஸ்எஸ்எலைப் புதுப்பித்துவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதவர்கள் பழைய ஓட்டையோடுதான் தூங்கினார்கள். 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி எந்தெந்தச் சர்வீஸ் பழைய லைப்ரரியைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்று சொல்லும். கேளுங்கள்.

கே: எக்ஸ்இசட் விவகாரத்தில் அப்டேட் வழியாகவே பின்கதவு வந்ததே. அப்டேட் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்கிறேன், மறுக்க முடியுமா?
(வாதி, மயிலாடுதுறை)

ப: முடியும். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்பில் விஷம் இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கண்டு துருவினார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். டெபியன் ஸ்டேபிளுக்குள் அது வரவே இல்லை. அவசரப்படாத பதிப்பு எதற்கு என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது மறுபக்கம். ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் மதிப்பீட்டு நிறுவனம். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஓட்டைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வந்தது. போடவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. அரை நொடியைக் கவனித்த ஒருவர் ஒரு பக்கம், இரண்டு மாதத்தைக் கவனிக்காத ஒரு நிறுவனம் மறுபக்கம். நீங்கள் எந்தப் பக்கம், வாதியாரே?

கே: நேரடியாக லைவ் சர்வரிலேயே அப்டேட் போடும் எங்கள் மேலாளருக்கு ஒரு வார்த்தை...
(பெயர் வேண்டாம்)

ப: ஐயா, முதலில் ஸ்னாப்ஷாட். பிறகு அதே பதிப்பு ஓடும் ஒரு சோதனை சர்வரில் போட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் லைவ். ரெட்ஹேட் குடும்பத்தில் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' இருக்கிறது, ஆனால் அதை நம்பி மாடியிலிருந்து குதிக்க முடியாது. டேட்டாபேஸ் கோப்பின் வடிவமே மாறியிருந்தால் பேக்கேஜ் மட்டும் பின்னால் போய்ப் பயனில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்காதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் உங்களுக்குக் கீழே வேலை செய்பவரின் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை வேண்டும்.

கே: எரர் செய்தி எல்லாம் ஆங்கிலம். எனக்குப் பயமாக இருக்கிறது சித்தப்பா. தமிழில் படித்தவள்.
(முதல் தலைமுறைப் பட்டதாரி, அரியலூர்)

ப: பயம் வேண்டாம், மகளே. இந்தச் செய்திகள் மொத்தம் இருபது முப்பது சொற்களுக்குள் சுழல்பவை. லாக் என்றால் பூட்டு, ஸ்பேஸ் என்றால் இடம், ரிசால்வ் என்றால் முகவரி தேடல், டிபென்டன்சி என்றால் ஒன்று மற்றொன்றை நம்பியிருப்பது, பெர்மிஷன் என்றால் அனுமதி. ஒரு நோட்டு போடுங்கள். இடப்பக்கம் எரரின் முதல் வரி, வலப்பக்கம் தமிழில் காரணமும் தீர்வும். '/வார்/லாக்/ஆப்ட்' அடைவில் 'டெர்ம்.லாக்' என்ற கோப்பு, திரையில் ஓடிய அத்தனையையும் சேமித்து வைத்திருக்கும். ஓடிப்போன வரியை அங்கே நிதானமாகப் படிக்கலாம். ஆறு மாதத்தில் அந்த நோட்டைக் கேட்டு மூத்தவர்கள் உங்கள் மேஜைக்கு வருவார்கள்.

கே: அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்ப என்ன தகுதி?
(ஆர்வலர், சிவகங்கை)

ப: எரரின் முதல் வரி, 'டிஎஃப் -ஹெச்' விடை, எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு. இந்த நாலும் சேர்த்து எழுதுங்கள். திரையை போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள், மேல் பாதியையும் சேர்த்து எடுக்கவும்.